இரண்டாம் பாகத்தின் இடது பக்கம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கிலீஷில் முதல் எழுத்து தெரியும், கடைசி எழுத்து தெரியும், நடுவில் இருப்பதெல்லாம் குத்துமதிப்பு. ஆனாலும் டிவியில் சுடுகிற விளையாட்டில் இந்தக் கோட்டைக்குப்பத்தில் என்னை அடிக்க ஆளில்லை. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து, பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே முன்னுக்கு வந்தவன். இன்று மூன்று ஃபைபர் படகு, சொந்தமாய் ஒரு நண்டுக் கொட்டகை. எவன் தயவும் கிடையாது. இந்த வயதில் விரலுக்கு இவ்வளவு வேகம் ஏது என்று கேட்கிறார்கள். இறால் பின்பக்கமாகத் துள்ளும். அது துள்ளி விழப்போகிற இடத்தில் கை முன்னாடியே போய் நிற்க வேண்டும். திரையிலும் அவ்வளவுதான் விஷயம்.

என் மகளைக் கட்டிய மருமகன் புதிதாக ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கியபோது பழையதை என்னிடம் கொடுத்தான். கொட்டகை டிவியில் மாட்டிக்கொண்டேன். காலையில் படகுகள் கரைக்கு வந்துவிடும், நண்டு லாரி மத்தியானம்தான் வரும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஆட்டம். நெட்டிலிருந்து இறக்கிய விளையாட்டு அது. கறுப்பு வானம், ஒரு சின்ன விமானம், நாலு பக்கமிருந்தும் வந்து மோதுகிற எதிரிகள். கதை கிடையாது, படிக்க ஒரு வரி கிடையாது. அதனால்தான் பிடித்தது.

அதில் ஒரே ஒரு குறை. அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியலில் முதல் இடம் என் மச்சானுக்கு. என் தங்கை புருஷன். என்னோடு சேர்ந்து சேறு தடவியவன்; பிறகு நான் முதலாளி ஆனேன், அவன் என் பெரிய படகை ஓட்டுகிறவன் ஆனான். ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்தில், அவனை மாதிரிப் படகைக் கொண்டுபோக ஆளில்லை என்று ஊரே சொல்லும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். என் டிவியில், என் பெட்டியில், என் பேருக்கு மேல் அவன் பேர் இருந்ததைப் பொறுக்க முடியவில்லை.

இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று மருமகன் சொன்னதும், வேலையை விட்டுவிட்டு வந்து இறக்கிக்கொடு என்றேன். முதல் ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை நான். துவைத்துப் போட்டுவிட்டது. நிறுத்தாமல் சுட்டால் துப்பாக்கி சூடேறி நின்றுவிடும். செத்தால் சேர்த்த ஆயுதம் எல்லாம் போய்விடும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, முதல் பாகத்தில் எதிரிகள் தினமும் ஒரே வரிசையில் வருவார்கள். இதில் ஒவ்வொரு தடவையும் வேறு வரிசை. மனப்பாடம் செய்தவன் செத்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து வெகு காலம் ஆகியிருந்தது. இரக்கமே இல்லாத ஒன்றை எதிர்த்து நிற்பதில் ஒரு ருசி இருக்கிறது. பத்து நாளில் மூன்றாம் கட்டத்தைத் தாண்டினேன்.

மச்சான் முதல் கட்டத்திலேயே செத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், முதல் பாகத்துல ராஜா மாதிரி இருந்த, இப்ப நாஸ்தி ஆயிட்டியே?" என்றேன்.

"இது சரியில்ல மச்சான். பேஜார் புடிச்ச ஆட்டம்."

"ஆட்டம் நல்லாத்தான் கீது. ஆளுதான் சரியில்ல."

அவனோடு படகில் போகிற நாலு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, கவனித்துக்கொண்டிருந்தேன். மங்கலான நீலத்தில் ஒரு எதிரி திரையின் இடது ஓரத்திலிருந்து வரும். ஒவ்வொரு தடவையும் அதனிடம்தான் செத்தான். வலது பக்கமிருந்து அதே நீலம் வந்தால் சுட்டுத் தள்ளினான். முதல் பாகத்தை அவன் கண்ணால் ஆடியதே இல்லை, வரிசையை மனப்பாடமாய் வைத்து ஆடியிருக்கிறான் என்று அப்போது விளங்கியது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோன்றியது. ஆனால் இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவான், எனக்கும் அந்த நாலு பேர் முன்னால்தான் அது நடக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அவன் பெஞ்சில் உட்கார்ந்து ஆடும்போது, கூடையிலிருந்து பெரிய சேற்று நண்டு ஒன்றை எடுத்தேன். கொடுக்கைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தேன். அவனுக்கு இடது பக்கம், ஒரு சாண் தள்ளி, பெஞ்சின்மேல் வைத்தேன். நாலு பேரும் பார்த்தார்கள். நான் வாயில் விரல் வைத்தேன். ஏரியில் பிறந்தவன் எவனும் கட்டாத நண்டுக்குப் பக்கத்தில் ஒரு நொடி உட்காரமாட்டான். இவன் உட்கார்ந்திருந்தான். நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் விமானம் வெடித்தது. சலித்துக்கொண்டு இடது கையைப் பெஞ்சில் ஊன்றினான்.

அந்த அலறலுக்கு முதலில் எல்லாரும் சிரித்தார்கள். ரத்தம் சொட்டியதும் நிறுத்திவிட்டார்கள். நான்தான் போய்க் கொடுக்கை உடைத்து அவன் விரலை எடுத்துவிட்டேன்.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டேன்.

"இன்னா எவ்ளோ நாளா?"

"டபாய்க்காத. இடது கண்ணு."

துணியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். "பொரை வுழுந்துகீது மச்சான். முழுசா இல்ல. வெளிச்சம் தெரியுது."

"வெளிச்சத்த வச்சி நாலு உசுர மொகத்துவாரத்துல இட்டுனு போறியா? நாளைலேர்ந்து படகு வேற ஆளு."

"இடது பக்கம் ஒருத்தன் குந்திக்கினு சொன்னாப் போதும் மச்சான். மத்தத நான் பாத்துக்கிறேன். தண்ணில போற வேலைய மட்டும் எடுத்துடாத."

நாலு பேரில் மூத்தவன், "ஓனரே, நான் வேணா பக்கத்துல குந்திக்கிறேன்" என்றான்.

"அப்ப நீயும் எறங்கிக்கோ" என்றேன்.

நான் செய்தது சரி. முகத்துவாரத்து மணல் ஒவ்வொரு காற்றுக்கும் இடம் மாறும். நேற்றைய வழி இன்றைக்கு இருக்காது. இதை யாரும் என்னிடம் மறுத்துப் பேசியதில்லை. மறுநாள் விடியற்காலையில் பழக்கத்தில் வந்து இன்ஜின் பக்கம் உட்கார்ந்திருந்தான். இறங்கு என்றேன். வழக்கமாய்ப் பலகை போட்டிருக்கும் இடது பக்கமாய் இறங்கினான். அன்றைக்குப் பலகை வலது பக்கம் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, என்னைத் தவிர.

அன்று லாரி வருவதற்கு முன்னால் நான்காம் கட்டத்தின் கடைசியில் இருந்தேன். பெரிய எதிரி ஒன்று, மூன்று அடுக்குக் கவசம், அடிபட்டதும் பின்னால் நழுவும். முன்னால் சுடுகிறவனுக்குப் பிடி கொடுக்காது. எனக்குக் கொடுக்கும். அந்த நேரத்தில் தங்கை வந்தாள். நடுவில் நிறுத்தினால் கட்டம் முதலிலிருந்து தொடங்கும், அதனால் திரும்பவில்லை.

"நண்டு வச்சியாமே அண்ணா" என்றாள்.

"வச்சேன்."

"மூணு மழைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அலை ஒடையற சத்தத்த வச்சே ஓட்டுவாரு. ஒரு நாளாவது படகு தட்டுச்சா? உனக்குத் தெரிஞ்சா எறக்கிடுவன்னுதான் வாய மூடிக்கினு இருந்தோம்."

"தெரிஞ்சது, எறக்கிட்டேன்."

"எறக்கு. வாணாம்ங்கல. கைய எதுக்குக் கடிக்க வச்ச?"

இரண்டாவது கவசம் உடைந்துகொண்டிருந்தது. "ஒரு நிமிஷம் இரு" என்றேன்.

"அந்தக் கையோடதான் சோறு துண்ண ஒக்காந்தாரு. எங்கிட்ட காட்டாம மறைச்சினு. ஒரு வார்த்த உன்னப் பத்தித் தப்பா சொல்லல. நீ இன்னா மனுசன்?"

ஆட்டத்தில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே உயிர். அவள் திரையைப் பார்த்தாளோ என்னவோ. நான் எதிரியின் முதுகுக்குப் பின்னால் சுட்டேன். அது நழுவி என் குண்டுக்குள்ளேயே வந்து விழுந்தது. கட்டம் முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் போயிருந்தாள். இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

மச்சான் இப்போது கொட்டகை மூலையில் நண்டுக்குக் கட்டுப் போடுகிறான். அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். போன வாரம் ஜாய்ஸ்டிக்கை நீட்டி, "ஒரு ஆட்டம் ஆடு மச்சான்" என்றேன்.

"கை வேலையா கீது" என்றான்.

அவன் பேர் இரண்டாம் பாகத்தின் பட்டியலிலேயே இல்லை. மேலிருந்து கீழ்வரை எல்லாம் என் பேர்தான். ஏழாம் கட்டத்தில் இருக்கிறேன். மருமகனே ஐந்தைத் தாண்டவில்லை. மூலைவரை கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் ஆடுகிறேன்.