பூச்சட்டி இனிப்பும் ஒரு வாளித் தண்ணீரும்

விருந்தினர் வருவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது, இனிப்புக்கு நான் வைத்திருந்த பிஸ்கட் தூள் அத்தனையும் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கேட்டரிங் தொழிலில் சாம்பாரில் உப்பு கூடியிருக்கிறது, பந்தியில் சோறு பற்றாமல் போயிருக்கிறது. இப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1. அடுப்பில்லாத ஆர்டர்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. தீபாவளி சீசன் முடிந்ததும், ஆபீஸை ஒட்டிய தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு விருந்து. ஆர்டர் கொடுத்தது முதலாளியின் மருமகள் அனிதா. கோயம்புத்தூர்ப் பெண், நல்ல சுறுசுறுப்பு.

"பிரியாணி வெளியில இருந்து வந்துருங்க்கா. ஸ்வீட் மட்டும் நீங்க இங்கயே செய்யணும். பூச்சட்டி மாதிரியே இருக்கணும். குழந்தைங்க பார்த்ததும் சிரிக்கணும்" என்றார்.

பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் அடுப்பு என்ற பேச்சே கிடையாது. செல்போனைக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதனால் தீயே படாத இனிப்பாக யோசித்தேன். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கான புதுக் காகிதக் கூம்பு, அடியில் கிரீம், மேலே சாக்லேட் பிஸ்கட் தூள், தீப்பொறிக்கு டூட்டி ஃப்ரூட்டி, திரிக்குச் சிவப்பு ஜெல்லி மிட்டாய். ஐஸ் பெட்டியில் வைத்தால் போதும், செட்டாகிவிடும்.

உதவிக்குச் செல்வியைக் கூட்டிப் போனேன். செல்வி அதே கம்பெனியில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்த்தவள். போன சீசனில் அந்த ரூம் வெடித்தது. கூட இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். செல்வி இடது கையில் தீக்காயத்தோடு பிழைத்தாள். அதற்குப் பிறகு எந்த மருந்து ரூமுக்குப் போனாலும் வாசலிலேயே திரும்பிவிடுவாள். வேறு வேலையும் தெரியாது, வீட்டில் அவள் சம்பளம்தான் சோறு. கம்பெனி கேட்டுக்கு வெளியே அனிதா புதிதாகக் கேண்டீன் திறக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, இவளுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்டிருந்தேன்.

"விருந்தன்னைக்கு வேலைய பார்க்கறேங்க்கா, அப்புறம் சொல்றேன்" என்று அனிதா சொல்லியிருந்தார்.

2. விளக்கமாறு

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேப்பமரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து, பிஸ்கட் தூள் முழுவதையும் அதில் கொட்டியிருந்தோம். செல்வி கூம்பை இரண்டு முழங்காலுக்கு இடையில் வைத்து, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மரக்குச்சியால் மெதுவாக அமுக்கினாள். மூச்சு விடுகிறாளா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

"ஏட்டி, இது என்ன மருந்தா? வெரசாப் போடு" என்று விரட்டினேன். சும்மா நிற்க முடியாமல் துணியின் ஓரத்தை இழுத்தேன். தூள் கொஞ்சம் தரையில் சிந்தியது. பக்கத்தில் கிடந்த விளக்கமாற்றை எடுத்துப் பெருக்கக் குனிந்தேன்.

"எஸ்தர்க்கா, பெருக்காதீக!"

செல்வி போட்ட சத்தத்தில் என் கை நின்றுவிட்டது. நிமிர்வதற்குள், குடிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கித் தரையிலும் துணியிலுமாக மொத்தமாக ஊற்றிவிட்டாள். சிந்திய மருந்தைப் பெருக்கினால் உரசித் தீப்பிடிக்கும், தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். வாளியைக் கீழே வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அனிதா வந்தார். பின்னாலேயே முதலாளியும் வந்தார்.

"என்னங்க்கா இது? யாருங்க தண்ணி ஊத்துனது?"

என் கால் தட்டிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி முந்திக்கொண்டாள்.

"நாந்தாம்மா. அக்கா விளக்கமாத்த எடுத்தாக. அது பிஸ்கோத்துன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

"பிஸ்கட் தூளுக்குப் போய் யாராவது… இவங்களையாங்க்கா கேண்டீன்ல வெக்கச் சொன்னீங்க?"

இனிப்பு போனால் போகட்டும், இவள் பிழைப்பும் சேர்ந்து போகிறதே என்றிருந்தது.

முதலாளி அந்த ஈரத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செல்வியின் கையைப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு ஆளாவது இப்புடி ஊத்தியிருந்தா…" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போய்விட்டார்.

அனிதா சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "பிழியறதுக்கு ஒரு துணி கொடுங்க்கா" என்றார்.

3. சேறு

துணியில் இருந்ததை மட்டும் அள்ளி மூன்று பேருமாகப் பிழிந்தோம். பால் பவுடரும் தேங்காய்த் துருவலும் மிச்சமிருந்த மில்க்மெய்டும் போட்டுப் பிசைந்தால், கறுப்பாக, தண்ணீர் பாய்ச்சிய தோட்டத்து மண்ணாகவே வந்தது. காகிதக் கூம்பு ஈரம் தாங்காது. பாக்குமட்டைத் தட்டில் பாத்தி கட்டிப் பரப்பி, பிரியாணிக்கு வந்த புதினாவைச் செடியாக நட்டோம்.

"இந்தத் திரிய என்னக்கா செய்ய?" என்று செல்வி ஜெல்லி மிட்டாயைக் காட்டினாள். நான் யோசிப்பதற்குள் அவளே ஒன்றை எடுத்து மண்ணுக்குள் பாதி புதைத்தாள். அசல் மண்புழு!

பிள்ளைகள் புழுவை இழுத்து இழுத்துத் தின்றார்கள். ஒரு வாண்டு அதைத் தன் அம்மா கழுத்தில் போட்டு அலற வைத்தது. செல்வி சிரித்ததை அந்த வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். தட்டுகளை எடுக்கும்போது அனிதா அவளிடம், "திங்கக்கிழமை காலைல வந்துருங்க" என்றார்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செய்கிற பொருள் எதுவானாலும் மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்காதீர்கள். பட்டாசுக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விதி இது, எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. பதற்றத்தில் விளக்கமாற்றைத் தூக்காதீர்கள்.

இப்போது அந்தக் கேண்டீன் சமையல் என் பொறுப்பு. தரையில் ஏதாவது சிந்தினால் முதலில் செல்வியைக் கூப்பிடுவேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து பார்ப்பாள். "மாவுதான்க்கா, பெருக்குங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் பெருக்குகிறேன்.