பழைய டிரைவரில் ஓடிய அக்காவின் கணினி

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குப் போனாலே வேர்த்துக் கொட்டும். படி ஏறிய களைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். லென்ஸ்காரன் வீட்டுக் கதவடியிலிருந்து வரும் அனல் அப்படி. ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அந்த வாசலைக் கடந்தால், என் வீட்டுக்கு வருவதற்குள் அது காய்ந்து தானாகவே மடிந்துகொள்ளும். நம்பாதவர்கள் என் அலமாரியைத் திறந்து பார்க்கலாம்.

லென்ஸ்காரன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன். நாளெல்லாம் ஊரார் பார்வையைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன் அக்காவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைப்பான். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். வாயைத் திறந்தால் எதிராளி ரிசீவரைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். தசைகள் ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டே போகும் நோய் அவளுக்கு. காலை எடுத்துக்கொண்டது, இடுப்பை எடுத்துக்கொண்டது, கைக்கு வந்திருந்தது.

இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னபோது, "கிடைக்கலையா, இல்ல யாரும் தேடலையா?" என்று கேட்டாளாம். தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அவர் இழுக்க, "ஆள் பத்தலைன்னா சொல்லுங்க, நான் சும்மாதான படுத்திருக்கேன்" என்றாளாம்.

அவள் விளையாட்டாகச் சொன்னதைத் தம்பி நிஜமாகவே தேடிப் பிடித்தான். ஓர் ஆராய்ச்சிக் கூடம் அந்த நோய்க்குக் காரணமான புரதம் எப்படியெல்லாம் மடிகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மலையளவு கணக்கு. அதைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பும். திரைக்குப் படம் வரைவதற்கென்றே உள்ள கிராபிக்ஸ் கார்டு என்னும் பலகை பொருத்திய கணினி அதைப் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது, புள்ளிகள் மட்டும் ஏறும். வீட்டு முன்னறையில் தம்பியின் பெரிய கணினி. படுக்கை ஓரத்தில் அக்காவின் பழைய கணினி. இரண்டும் இரவு பகலாக அனல் கக்கிக்கொண்டு ஓடின.

"அது என்னைத் தின்னுக்கிட்டிருக்கு. நான் போறதுக்குள்ள அதுக்கு என் கையால ஒரு அடியாவது விழணும்டா" என்பாள். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அங்கே ஒரு விதி உண்டு. ஒவ்வொரு துண்டும் இரண்டு கணினிகளுக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் 'செல்லும்'. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஒன்றுக்குப் போகும். எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அவை செல்லும். தனித்து நின்றது 'செல்லாது' என்று குப்பைக்குப் போகும்.

தம்பி ஒரு குழுவுக்குத் தலைவனாகவும் ஆகிவிட்டான். கடையில் முதலாளி சொன்னதைக் கேட்கிறவன், இங்கே எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் போட வேண்டும் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்வான். கிராபிக்ஸ் கார்டுக்கும் கணினிக்கும் நடுவே உட்கார்ந்து, இதன் பேச்சை அதற்குச் சொல்லும் மென்பொருள்தான் டிரைவர். அக்கா எக்ஸ்சேஞ்சில் பார்த்த அதே வேலை. அப்போது புதிதாக ஒரு டிரைவர் வந்தது. போட்டுப் பார்த்தான், வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. குழுவில் ஒருவர் விடாமல் மாறச் சொன்னான், எல்லோரும் மாறினார்கள். அக்காவின் கார்டு மட்டும் மாறவில்லை. அத்தனை பழைய கார்டை அந்த டிரைவர் ஏற்காது.

"உன் கார்டுக்கு பென்ஷன் குடுத்தாச்சுக்கா."

"எனக்கும்தான் குடுத்தாங்க. நான் ஓடலையா?"

"நீ எங்க ஓடற?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்காதான் முதலில் சிரித்தாள்.

சில வாரம் போயிற்று. அவனுடைய புள்ளிகள் கிடுகிடுவென்று ஏறின. அக்காவின் விடைகள் ஒவ்வொன்றாகச் 'செல்லாது' என்று திரும்பின. அவன் தூசி தட்டினான், விசிறியை மாற்றினான், வேகத்தைக் குறைத்தான். ஒன்றும் பலிக்கவில்லை. கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினான்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே சோதனைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடவைத்தாள். ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக அதே விடை. கெட்டுப்போன கார்டு இவ்வளவு ஒழுங்காகவா பொய் சொல்லும் என்று கேட்டாள். மற்ற இரண்டும் ஒன்றைச் சொல்லும்போது உன்னுடையது மட்டும் வேறு சொன்னால் யாரை நம்புவது என்று அவன் கேட்டான். உள்ளே வேறொன்றும் அவனை அரித்தது. அவள் கணினி தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மூன்றாவது ஆளுக்கு வீண்வேலை. தலைவன் வீட்டிலேயே இப்படியா என்று குழுவில் ஒருத்தன் கிண்டலடித்திருந்தான்.

ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது கார்டைக் கழற்றி, தெருவில் போன பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டான்.

விசிறிச் சத்தம் நின்றதில்தான் அவளுக்கு விழிப்பு வந்தது. அவன் காரணம் சொல்லச் சொல்ல, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போது அவளால் திருப்ப முடிந்தது அது ஒன்றைத்தான்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து அறிவிப்பு வந்தது. சந்தேகத்தின் பேரில் சில துண்டுகளைத் தாங்களே போட்டுப் பார்த்தார்களாம். புதிய டிரைவர் ஒரு வகைக் கணக்கில் மட்டும் தவறுகிறது. அது இருக்கும் எல்லாக் கணினியும் ஒரே மாதிரித் தவறுவதால், ஒன்றுக்கொன்று ஒத்துப்போயிருக்கிறது. அந்த டிரைவர் வந்த பிறகு செல்லும் என்று எடுத்துவைத்தது அத்தனையும் வீண். செல்லாது என்று தள்ளியதில் சரியான விடைகள் இருந்திருக்கலாம். ஆனால் அவற்றை அழித்தாயிற்று. பழைய டிரைவர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தொடருங்கள்.

அவன் இரும்புக்கடைக்கு ஓடினான். கார்டைப் பிரித்துச் சில்லுகளைப் பிடுங்கி, மிச்சத்தைக் கொளுத்தியிருந்தார்கள். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, அவளிடம் சொல்லாமல் விட்டுவிடவா என்று கேட்டான். "அறிவிப்பைப் பாத்துட்டு நீ போன்ல புலம்பினது என் வீட்டு வரைக்கும் கேட்டுது. அவ காது எக்ஸ்சேஞ்சு காதுடா" என்றேன். அவனோடு நானும் போனேன்.

"அக்கா, உன் கணக்குதான் சரியாம்."

அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. "இன்னொரு தடவ சொல்லு. லைன் கிளியரா இல்ல."

சொன்னான்.

"இன்னும் சத்தமா."

சொன்னான். மூன்றாம் முறை சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் அவனை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஹலோன்னா போதும்னு விட்டுட்டியேடா. சரியான ஆளுங்கதானான்னு யாரு கேக்கறது? எந்திரி. உன் மெஷின்ல என் பேரைப் போடு."

புதிய டிரைவரைச் சுவடில்லாமல் துடைத்து எடுத்தான். அவன் கார்டு ஏற்கும் பழைய டிரைவர்களில் ஒவ்வொன்றாகப் போட்டு, சோதனைக் கணக்கை ஓட்டி, லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் விடையைப் பார்த்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தான். நத்தை வேகம். நடுவே கணினி படுத்துக்கொள்ளும், எழுப்புவான். கடைசியில் அக்காவின் பேரில் ஒரு துண்டு முடிந்து போயிற்று.

'சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது' என்று திரை சொன்னது. இணையாக ஒரு விடை வர வேண்டும். ஆனால் பாதிப் பேர் வெறுத்துப்போய்க் கணினியை அணைத்துவிட்டிருந்தார்கள்.

அதற்குள் அக்காவுக்குப் பேச்சு போய்விட்டது. காலையில் புருவத்தை உயர்த்துவாள். அவன் திரையை அவள் பக்கம் திருப்புவான். காத்திருக்கிறது. புருவம் இறங்கும். 'செல்லும்' என்று ஒரு பொய்த்திரை செய்து காட்டிவிடலாமா என்று படியில் நின்று என்னிடம் கேட்டான். ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொல்கிறவள் நான். செய் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அவனும் செய்யவில்லை.

காத்திருக்கிறது என்ற நிலையிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

இணை விடை அவள் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்தது. ஒத்துப்போயிற்று. செல்லும்.

தவறான விடைகளுக்குக் கிடைத்த புள்ளிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அவன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எழுதினான். செலவழித்த மின்சாரத்துக்கு நன்றியாக அவை இருக்கட்டும் என்று பணிவாகப் பதில் வந்தது. அதனால் அந்தக் குழுவின் புள்ளிப் பட்டியலில் உச்சியில் இன்றைக்கும் அவன்தான் இருக்கிறான், மூட்டை மூட்டையாகத் தப்புக் கணக்கோடு. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே, வெகு கீழே போக வேண்டும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார நான் கொடுத்திருந்த நாற்காலிகளை எடுத்துவரப் போனேன். வீட்டில் அனல் குறைந்திருந்தது. பெரிய கணினி படுக்கை ஓரத்துக்கு வந்திருந்தது. பழைய டிரைவரில், அவள் பேரில், மெதுவாக ஓடியது. திரையின் மூலையில் ஒரு கட்டம் எழும்பி, புதிய டிரைவர் வந்திருக்கிறது, போடவா என்று கேட்டது.

"அக்காகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, 'பிறகு' என்பதை அழுத்தினான். நான் ஒரு நாற்காலியை மட்டும், அவன் உட்கார, அந்தப் படுக்கை ஓரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.