ஒன்பது மணி நேரத்தில் லண்டன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வட்டவளைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி என் வகுப்புத் தோழி. உயர்தரப் பரீட்சை வரைக்கும் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். லண்டனில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை வேலை.

வயிறு எரிந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவளுடைய புதுப் பெட்டியை லயமே வந்து தூக்கித் தூக்கிப் பார்த்தபோது, நான் மட்டும் நிறம் சுமார்தான் என்றேன்.

அவள் கிளம்பும் முன் அவள் அம்மா டிக்கெட்டை என்னிடம் கொண்டுவந்தார். கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மகள் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாள்? கட்டுநாயக்க விமான நிலையத்தில் புறப்படுவது விடியற்காலை மூன்றரை, லண்டனில் இறங்குவது பகல் பன்னிரண்டரை என்று போட்டிருந்தது.

"ஒம்பது மணி நேரந்தான் பெரியம்மா. நல்லதண்ணிக்குப் போயி மலை ஏறி எறங்குற நேரம்" என்றேன்.

லண்டனைக் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் ஒருவர் பயணம் போனால், போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்ட மாட்டார்கள். கூட்டினால் போனவருக்கு ஆகாது என்பார்கள். மகள் விமானம் ஏறிய அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. பன்னிரண்டரை ஆனதும் என்னிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, விளக்குமாற்றை எடுத்து வீடு முழுவதும் கூட்டினார்.

ஒரு மணி ஆனது, இரண்டு மணி ஆனது. போன் வரவில்லை. சிம் மாற்றிக்கொண்டிருப்பாள் என்றேன். அங்கே இறங்கியதும் நம்மையெல்லாம் மறந்திருப்பாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தால், அந்த அம்மா வெளியே கொட்டிய குப்பையை அள்ளி வந்து, வீட்டுக்குள்ளேயே கையால் பரப்பிக்கொண்டிருந்தார்.

டிக்கெட்டை வாங்கி மறுபடி பார்த்தேன். பயண நேரம் பதிமூன்றரை மணி என்று கீழேயே இருந்தது. லண்டன் நேரம் நம்மைவிட நாலரை மணி பின்னால். நாடுகளின் நேர வித்தியாசத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

"தப்பா பாத்துட்டேன் பெரியம்மா. அஞ்சு மணியாகும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நான் கூட்டுனப்ப புள்ள வானத்துலயா இருந்துச்சு?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அந்த இரண்டு மணி நேரமும் வேண்டிக்கொண்டேன். அவளுக்காக நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஐந்தரைக்கு போன் அடித்தது. சேர்ந்துவிட்டேன், ரொம்பக் குளிருகிறது என்றாள். அந்த அம்மா அழுதுகொண்டே பேசினார்.

"அவசரப்பட்டு வீட்டக் கூட்டிட்டேம்மா. என் தப்புதான், மனசுல வச்சுக்காத."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. அவள் அங்கிருந்து படம் அனுப்பினால் எனக்கு இப்போதும் பொறாமை வரத்தான் செய்கிறது. ஆனால் லண்டன் எவ்வளவு தூரம் என்று அந்த அம்மா கேட்டால், ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் சொல்கிறேன்.