யாரும் சாகாத புல்வெளி

"அகாலத்தில் பிரிந்த அன்பு மகன் லூபெனின் நினைவாக, மனம் உடைந்த பெற்றோர் ட்ரிஃபோனும் வாஸில்காவும், கண்ணீர் வற்றாத மனைவி நெவேனாவும் இந்த ஊற்றைக் கட்டினார்கள். வழிப்போக்கரே, தாகம் தீர்த்து, அவனை நினைத்து ஒரு கணம் நில்லுங்கள்."

கணவாய்க்கு ஏறும் சாலையின் பெரிய வளைவில், கருங்கல்லில் இப்படிச் செதுக்கியிருக்கிறது. பெற்றோரைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. நெவேனாவைப் பற்றிச் சொன்னதில் பெயர் மட்டும் உண்மை. ஊற்று கட்டும்போது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணீர் விஷயத்தில், ஆகஸ்டு வந்தால் அந்த ஊற்றே வற்றிவிடும். அவளுடையது முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு அவளிடம் வற்றாமல் ஓடியது கோபம் ஒன்றுதான்.

லூபென் ஊரின் எல்லையில் டயர் கடை வைத்திருந்தவன். வருகிறவன் போகிறவன் வண்டியையெல்லாம் குனிந்து பார்த்து, "இந்த டயரோட கணவாய் ஏறாதேப்பா, வீடு போய்ச் சேர மாட்டே" என்று எச்சரிப்பது அவன் வழக்கம். அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின் டயர் மட்டும் முட்டை ஓடு மாதிரி வழவழவென்றிருந்தது. அக்டோபர் மழையில் ஒரு காலை நெவேனா அதைக் காட்டிச் சத்தம் போட்டாள். "சாயந்திரம் மாத்திடறேன்" என்றான். கடையில் டயருக்கா பஞ்சம்? சாயந்திரம் அந்த வளைவில் கிடந்தான். மகன் ஆசெனுக்கு அப்போது பல்கூட முளைத்திருக்கவில்லை.

கடையை நெவேனா எடுத்து நடத்தினாள். டிராக்டர் டயரைத் தனியாளாக உருட்டுவாள். மொட்டை டயரோடு வருகிறவர்களின் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். புது டயர் மாட்டாமல் திருப்பித் தர மாட்டாள். ஒருமுறை பாதிரியாரே மாட்டிக்கொண்டார். ஒரு சாவுக்குப் போகிற அவசரம் அவருக்கு.

"அவரு காத்திருப்பாரு சாமி, அவருக்கென்ன வேலை. நீங்களும் அவரு போன இடத்துக்கே போய்ச் சேர ஏன் இப்படிப் பறக்கறீங்க?" என்று சொல்லிக்கொண்டே ஜாக்கியைப் போட்டாள்.

மாமனார் ட்ரிஃபோன் கோபப்படவில்லை, கட்டினார். ஆற்றிலிருந்து தாமே கல் சுமந்தார். ஊற்றுக்குப் பக்கத்தில் மேசை, பெஞ்சு, ஓட்டுக் கூரை, இறைச்சி சுடுகிற அடுப்பு. கல்லின் நடுவில், மீசையோடு சிரிக்கும் லூபெனின் படம்; அதன் கீழே தண்ணீர் வரும் குழாய். அன்றிலிருந்து குடும்பத்துக்கு வேறு திசையே இல்லாமல் போயிற்று. ஈஸ்டர் அங்கே. புனித கியோர்கி திருநாளின் ஆட்டுக்குட்டி விருந்து அங்கே. கிழவரின் பெயர்நாள், அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள், முழங்கால் பனியில், அதுவும் அங்கே. ஆசென் பேசத் தொடங்கியதும் அந்த இடத்துக்கு "அப்பா" என்று பெயர் வைத்தான். மழலையர் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது, அம்மா, ஒரு டயர், மீசை வைத்த ஒரு குழாய் என்று மூன்று பேரை வரைந்தான். ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தைச் சுவரில் ஒட்டினாள். நெவேனா அதே நாள் மாலை சுவரிலிருந்து பிய்த்தெடுத்தாள்.

அந்த ஜூனில் ஆசெனுக்கு ஐந்து வயது நிறைகிறது. முதல் தடவையாகப் பள்ளிப் பிள்ளைகளையும் அழைப்பதாக ஏற்பாடு.

"எங்க வேணா வெப்பேன், அந்த வளைவுல வெக்க மாட்டேன்" என்றாள் நெவேனா, பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா அடை சுட்டு விற்கும் பெங்காவிடம். "அது அவன் பொறந்த நாளு. அவங்கப்பன் செத்த நாளு இல்ல. அஞ்சு வயசுப் புள்ள குழாயப் பாத்து அப்பாங்குது. இப்ப விட்டேன்னா காலம் பூரா அந்தக் கல்லு முன்னாடிதான் கேக் வெட்டிட்டு நிப்பான்."

"உங்க மாமனார்?"

"கிழவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ கடையச் சாத்து, இடம் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடை வேனில் கிளம்பினார்கள். முதலில் ஓக் மரக்காட்டின் ஓரம். நல்ல நிழல், குளிர்ந்த தண்ணீர், அகலமான மேசை. தண்ணீர் வரும் கல்லில் பதித்த படத்திலிருந்து துப்பாக்கியும் கையுமாக ஒரு வேட்டைக்காரர் அவர்களைப் பார்த்தார்.

"இவரு யாருடி?"

"காட்டுப்பன்னின்னு நெனச்சுச் சுட்டுட்டாங்களே, அவரு. சுட்டவர்தான் ஊற்றையும் கட்டினாரு. நல்ல மனுஷன்."

அடுத்தது பள்ளத்தாக்கில். ஒரே கல்லில் இரண்டு குழாய், கணவனும் மனைவியுமாக.

"இவங்க வயசாகிப் போனவங்கதான், கவலப்படாத" என்றாள் பெங்கா. "புருஷன் குழாய்ல மட்டும்தான் தண்ணி வரும். உசுரோட இருந்தப்பவும் அந்தம்மா வாயத் தொறந்து நான் பாத்ததில்ல."

மூன்றாவது இடத்தில் ஒரு விளையாட்டு ஆசிரியர். அவர் முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நெவேனா வேனின் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"பொணம் இல்லாம ஒரு மேசை கெடையாதா இந்த நாட்டுல?"

கிடையாதுதான். நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தையெல்லாம் செத்தவர்கள் பெயரில் பட்டா போட்டாகிவிட்டது. ஆனால் அவர்கள் இல்லையென்றால் அந்த மலைச்சாலையில் உயிரோடிருக்கிறவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைத்திருக்காது என்பதும் நிஜம். நெவேனாவும் மூன்று ஊற்றிலும் திட்டிக்கொண்டேதான் குடித்தாள்.

கடைசியில், லூபெனின் வளைவைத் தாண்டி ஆற்றுக்கு இறங்கும் மண்பாதையில் கரடிப் புல்வெளி கிடைத்தது. ஊற்று இல்லை, மேசை இல்லை. ஒரே ஒரு காட்டுப் பேரிக்காய் மரம். ஓரத்தில் சேறும் தவளையும்.

"என்னடி இருக்கு இங்க?" என்றாள் பெங்கா.

"ஒண்ணுமில்ல. அதான் வேணும்."

"காலை வெச்ச எடமெல்லாம் சாணி."

"இருந்துட்டுப் போகட்டும். மாடு உசுரோட இருக்குன்னுதானே அர்த்தம்."

இடம் முடிவாயிற்று. மாமனாரிடம் சொல்வதை மட்டும் நாளை, நாளை என்று தள்ளிப்போட்டாள். சாயந்திரம் மாற்றிவிடுகிறேன் என்றவனைத் திட்டித் தீர்க்கிறவளுக்கும் அந்த வியாதி கொஞ்சம் இருந்தது.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு காலை, தபால்காரி கடைக்குள் ஓடி வந்தாள். கையில் இரண்டு வெள்ளைப் பூ. உயிரோடிருக்கிறவர்களுக்கு அங்கே யாரும் இரட்டைப்படையில் பூ கொடுப்பதில்லை. வந்தவள் நெவேனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"ஐயோ என் ராசா! முந்தாநாள்கூட என்னப் பாத்து நாக்கத் துருத்தினானே!"

நெவேனாவின் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். டயர் அடுக்குக்குள் உட்கார்ந்து பனிட்சா தின்றுகொண்டிருந்த ஆசென், தபால்காரியைப் பார்த்து நாக்கைத் துருத்தினான்.

நடந்தது இதுதான். அந்த ஊரில் யாராவது செத்தால், படமும் பெயரும் போட்டுத் தாள் அடித்து, கதவிலும் கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். வருடா வருடம் புதிதாக ஒட்டுவார்கள்: ஓர் ஆண்டு ஆயிற்று, மூன்று ஆண்டு ஆயிற்று என்று. ட்ரிஃபோன் வாழ்க்கையில் அச்சடித்ததெல்லாம் மகனுடைய அஞ்சலித் தாள்தான். பேரனின் பிறந்தநாளுக்கு எல்லாரையும் அழைக்க ஆசைப்பட்டு, அதே அச்சகத்துக்குப் போனார். அவர்களும் அதே அச்சில் அடித்துக் கொடுத்தார்கள். ஆசெனின் படம். கீழே பெயர். அதற்கும் கீழே "5 ஆண்டுகள்". "சனிக்கிழமை நண்பகல், லூபெனின் ஊற்றில் கூடுவோம். தாத்தா, பாட்டி." கிழவர் கோந்து வாளியோடு போய், வழக்கமாக ஒட்டும் இடங்களிலெல்லாம் பழக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தார். மாதா கோவில் கதவில் லூபெனுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்.

நெவேனா ஆசெனைப் பெங்காவிடம் விட்டுவிட்டு, ஒவ்வொரு கம்பமாகப் போய்க் கிழித்தாள். ஈரக் கோந்து, கையெல்லாம் அவன் முகம் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கையோடு மாமனார் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தாள். ட்ரிஃபோன் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். வாஸில்கா படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள்.

"என்ன மாமா இது?"

"ஏம்மா கிழிச்சே? அழைப்பு அது."

"அழைப்பா? ஊரே எனக்கு ஃபோன் பண்ணி அழுவுது! உசுரோட இருக்கற புள்ளயக் கம்பத்துல ஒட்டியிருக்கீங்க!"

"ஓரத்துல கறுப்புப் போடலியே. நீலம் போடச் சொன்னேன். நல்ல நீலமாத்தான் இருந்துது."

"நீலமா! ஏன் அத்தை, நீங்களாவது பாக்கலியா?"

வாஸில்கா பட்டாணியைப் பார்த்தபடி, "படம் நல்லாருக்கேன்னு மட்டும் பாத்தேன்" என்றாள்.

"சனிக்கிழமை அந்த வளைவுக்கு நாங்க வரல. கரடிப் புல்வெளில வெக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அங்க வாங்க."

ட்ரிஃபோன் குச்சியைக் கீழே போட்டார். "அங்க என்ன இருக்கு? தண்ணி இல்ல, நெழல் இல்ல. நான் மேசை போட்டு வெச்சிருக்கேன். அவன் மகன் பொறந்தநாளு. அவன் இல்லாம எப்படி? அவன் அங்க தனியா..."

"அவன் அங்க இல்ல மாமா!"

"பின்ன எங்கம்மா இருக்கான்? சொல்லு. நீ சொல்ற எடத்துக்கு நான் போறேன்."

நெவேனாவுக்குக் குரல் ஏறியது.

"ஊருக்கெல்லாம் டயர் மாட்டினவன் மொட்டை டயர்ல போனான்! காலையில சொன்னேன், கேட்டானா? என்னைக் கேட்டிருந்தா அதைத்தான் கல்லுல எழுதச் சொல்லியிருப்பேன். கண்ணீர் வத்தாத மனைவியாம்! எனக்கு ஆத்திரம்தான் வத்தல. ஆசென் பொழைச்சு வளர்ற புள்ள. அவனக் கல்லுக்குக் காவல் உக்கார வெக்க விட மாட்டேன்."

கிழவர் கீழே போட்ட குச்சியைத் திரும்ப எடுத்தார். "நாங்க ஊற்றுக்குத்தான் போவோம்" என்றார். "வர்றவங்க வரட்டும்."

சனிக்கிழமை நெவேனா வேனை எடுத்தாள். பக்கத்தில் ஆசென், மடியில் கேக்கோடு பெங்கா. பின்னால் பிள்ளைகளோடு பெற்றோர்களின் கார்கள் வரிசையாக. கரடிப் புல்வெளிக்கு அந்த வளைவைத் தாண்டாமல் வழி கிடையாது. நிறுத்தாமல் போய்விடுவது என்று ராத்திரியே தீர்மானம் செய்திருந்தாள்.

வளைவில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ட்ரிஃபோன் வெள்ளைச் சட்டையில், அடுப்பின் முன்னால் இறைச்சி திருப்பிக்கொண்டிருந்தார். வாஸில்கா மேசையில் துணி விரித்து, யாரும் வராத விருந்துக்குத் தட்டு வைத்திருந்தாள்.

"தாத்தா!" என்று கத்தினான் ஆசென்.

நெவேனா வேகத்தைக் கூட்டினாள். கூட்டிய காலே பிரேக்கை மிதித்தது. பின்னால் எல்லாக் காரும் ஒன்றன்பின் ஒன்றாக அலறின.

"சனியன்!" என்றாள். யாரைச் சொன்னாள் என்று பெங்கா கேட்கவில்லை.

இறங்கிப் போய், மேசைத் துணியின் நாலு முனையையும் சேர்த்துத் தட்டோடு மூட்டையாகக் கட்டினாள். சுட்ட இறைச்சியை அண்டாவில் கொட்டினாள். "அத்தை, முன்னாடி ஏறுங்க, கேக்கைப் பிடிச்சுக்குங்க. பெங்கா, நீ பின்னாடி போ." வாஸில்கா, யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தவள் போல, உடனே எழுந்து நடந்தாள். ஏறும் முன் ஊற்றின் கீழே இரண்டு பெரிய கேன்களில் தண்ணீர் பிடித்து எடுத்துக்கொண்டாள்.

"மாமா, ஏறுங்க."

"நான் வரல."

"டிராக்டர் டயரையே தூக்கறவ நான். இத்தனை பேரு முன்னாடி தூக்கிப் போட வெக்காதீங்க."

"அவன்கிட்ட சொல்லாம..."

"சொல்லிட்டு வாங்க. யாரு வேணாங்கறா? நான் அவன்கிட்டப் பேசறதில்ல."

பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் விடவில்லை. நெவேனா திரும்பி, "செத்தவனுக்கு ஒரு நிமிஷம் நிக்க முடியாதாடா உங்களால!" என்று கத்தினாள். ஹார்ன் நின்றது. கிழவர் படத்தின் பக்கத்தில் போய் ஏதோ முணுமுணுத்துவிட்டு, வேனின் பின்பக்கம் டயர்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தார்.

கரடிப் புல்வெளியில் பிள்ளைகள் முதல் காரியமாகச் சேற்றில் இறங்கினார்கள். ட்ரிஃபோன் நிழல் போதவில்லை என்றார், தரை சரிவு என்றார், சாணி என்றார். பெங்கா பெரியவர்கள் எல்லார் கையிலும் ரக்கியா சாராயம் கொடுத்தாள். கிழவர் வழக்கப்படி, இறந்தவனுக்கு முதல் துளி என்று கோப்பையைத் தரையை நோக்கிச் சாய்த்தார். வாஸில்கா மணிக்கட்டைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"யோவ் கிழவா, இது பொறந்தநாளுய்யா. கோப்பையத் தூக்கி இடி."

அவர் மனைவியின் கோப்பையில் இடித்தார். பிறகு தயங்கி, நெவேனாவை நோக்கி நீட்டினார். அவள் உடைந்துவிடும் போல ஓங்கி இடித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடித்தாள். ஆசென் பிடரிவரை சேறும் ஒரு கையில் தவளையுமாக வந்து, கேக் எங்கே என்று கேட்டான்.

நெவேனா அன்று வளைவில் வண்டியை நிறுத்தி, மாமனாரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு, தன் மகனின் பிறந்தநாளை அவள் பார்த்து வைத்த இடத்தில் நடத்தினாள்.