வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது சாவு

ஜேசுராஜின் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. சாவு வீட்டில் பணம் என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் கம்ப்ரஸர் பார்த்துக்கொள்ளும்.

திருவிடைமருதூரிலிருந்து ஆடுதுறை போகிற சாலையில், ரைஸ் மில்லை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவருடைய மூன்று ஃப்ரீசர் பெட்டிகள் இருந்தன. செத்தவரைப் படுக்க வைத்து, கண்ணாடி மூடியைச் சாத்தி, சுவிட்சைப் போட்டுவிட்டால் பிள்ளைகள் வந்து சேரும்வரை அவர் கெடாமல் காத்திருப்பார். உயிரோடு காத்திருந்ததைவிடப் பொறுமையாகவே காத்திருப்பார்.

தொண்ணூற்று நான்கில் ஜேசுராஜ் சவூதியில் தம்மாமுக்குப் போனபோது ஏ.சி. மெக்கானிக் வேலை என்றுதான் ஏஜென்ட் சொல்லியிருந்தார். இறங்கிப் பார்த்தால் மீன் கிடங்கு. ஒன்பது வருஷம் செத்த மீனுக்குக் குளிர் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். அவர் திரும்பிய நேரத்தில் ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஆனி மாதம் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு, பையன்கள் பாஸ்போர்ட்டுக்கு வரிசையில் நின்றார்கள். நாட்டைத் திறந்துவிட்டோம் என்று அரசாங்கம் சொன்னது உண்மைதான். திறந்த கதவு வழியாக டெல்டாவிலிருந்து பிள்ளைகள் வெளியே போனார்கள். அப்பன் செத்தால் பிள்ளை வந்து சேர ஒன்றரை நாள். வெயில் காலத்தில் பிணம் தாங்குவது அரை நாள். மிச்சமிருந்த அந்த ஒரு நாளில்தான் ஜேசுராஜ் கடை போட்டார்.

பெட்டி, ஜெனரேட்டர், பந்தல், நாற்காலி எல்லாம் சேர்த்து ஆறாயிரம். வாசலில் இறக்கிவிட்டு, கைகட்டி ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, வருகிறேன் என்று சொல்லாமல் நழுவிவிடுவார். காசு கருமாதி கழிந்து வரும். சில வீடுகளில் வருஷ திவசம் கழிந்து வரும். சில வீடுகளில் அடுத்த சாவுக்குப் பெட்டி கேட்கும்போது, “போன தடவைதும் பாக்கி இருக்குல்ல?” என்று அவர்களே பெருந்தன்மையாக ஞாபகப்படுத்துவார்கள்.

அதனால் போனிலேயே பணம் போடும் காலம் வந்ததும் ஜேசுராஜ் சர்ச்சில் போய் மெழுகுவத்தி ஏற்றினார். பெட்டி இறங்கும்போதே பெங்களூரிலிருந்தோ தோஹாவிலிருந்தோ காசு விழுந்துவிடும். அவர் வாயே திறக்க வேண்டாம். உற்சாகத்தில், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுமே, அந்த ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வண்டியில் மாட்டினார். முதல் சாவிலேயே, மாரடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் மூச்சு வாங்கிய இடைவெளியில், “ரூபாய் மூவாயிரம் பெறப்பட்டது” என்று அது தெருவுக்கே அறிவித்தது. ஒப்பாரி நின்றது. ஓர் அம்மாள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, “பெத்தவளுக்குப் பாதிதான் போட்டானா, படுபாவி!” என்றாள். அன்றே ஸ்பீக்கரைக் கழற்றினார். போனின் சத்தங்களையும் ஒவ்வொன்றாக அணைத்தார். குறுஞ்செய்தி மட்டும் வரும், அதைப் பார்ப்பதோடு சரி. சாவுச் சேதி சொன்னவனுடைய காசு நிஜமாகவே கணக்கில் ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பது, பிணத்தின் சட்டைப்பையில் கைவிடுவதற்குச் சமம் என்பது அவர் கொள்கை. கொள்கை உள்ளவர்களை ஏமாற்றுவது சுலபம்.

அந்த வாரம் அவர் கணக்கில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒன்றரை லட்சம் இருந்தது. மகள் சான்ட்ரா நர்சிங் முடித்து, இரண்டு வருஷம் ஜெர்மன் படித்துத் தேர்வும் எழுதி, ஜெர்மனியில் ஒரு முதியோர் ஆஸ்பத்திரியில் இடம் வாங்கியிருந்தாள். திருச்சி ஏஜென்சிக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கடைசித் தவணை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் பெண்ணுக்கு இடம் போய்விடும். மனைவி விண்ணரசி கழுத்துச் செயினைச் செவ்வாய்க்கிழமை அடகு வைத்து, குறைந்த தொகையை நிரப்பினாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது.

“அண்ணே... ஃப்ரீசர் பாக்ஸ் ஜேசுராஜ் அண்ணனுங்களா? நான் சார்ஜாலேர்ந்து பேசறேண்ணே. அப்பா போய்ட்டாருண்ணே.”

“அய்யோ. எப்ப தம்பி?”

“விடியக்காலைல. ஊர்ல வயசானவங்கதான் இருக்காங்க. அவங்கள எதுவும் கேக்காதீங்கண்ணே, தாங்க மாட்டாங்க. நான் ஜிபே பண்ணிடறேன். நீங்க பெட்டிய மட்டும் இறக்கிடுங்க.”

கூடவே வாட்ஸ்அப்பில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. சிங்காரவேலு, எண்பது வயது, கீழத்தெரு, கதவு எண் உட்பட. வெள்ளை மீசை, பட்டுத் துண்டு, மலர்ந்த முகம். சாகிற முகத்துக்கு மலர்ச்சி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எல்லா வீட்டிலும் கல்யாணப் போட்டோவைத்தானே போஸ்டருக்குக் கொடுக்கிறார்கள்.

ஐந்தாவது நிமிஷம் குறுஞ்செய்தி: ரூ. 60,000 வரவு. ஆறாவது நிமிஷம் மறுபடி போன்.

“அண்ணே, கை நடுங்கி ஒரு சைபர் கூடப் போட்டுட்டேண்ணே. டிக்கெட்டுக்கு வச்சிருந்த காசுண்ணே அது. பன்னெண்டு மணி பிளைட்ட விட்டா அப்பா முகத்தப் பாக்க முடியாதுண்ணே...” அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அழுகைதான் வந்தது. நல்ல அழுகை. இருபது வருஷம் அழுகைகளுக்கு நடுவில் பிழைத்தவரே ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாத அழுகை.

“அழுவாத தம்பி, இந்தா, இப்பவே அனுப்பறேன்” என்று ஜேசுராஜ் ஐம்பத்து நாலாயிரத்தை அந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்பினார். அனுப்பிவிட்டு, தன் வாடகை ஆறாயிரத்தைப் பிடித்துக்கொண்டோமே என்று கொஞ்சம் கூசினார்.

குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனார். தெருவில் கூட்டமில்லை. பந்தலுக்குக் கொம்பு ஊன்றவில்லை. வயசானவர்கள் மட்டும்தானே என்று நினைத்துக்கொண்டு, ஓட்டுநரும் அவருமாகப் பெட்டியை இறக்கி வாசலில் வைத்து, மூடியைத் துடைத்து, கைகட்டி நின்றார்கள். உள்ளேயிருந்து வெள்ளை மீசையும் துண்டுமாக சிங்காரவேலு வந்தார். வாயில் இட்லி இருந்தது.

“யாருய்யா? ஃப்ரிட்ஜா? நாங்க சொல்லலியே.”

ஜேசுராஜ் போஸ்டரைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். மறுபடியும் போஸ்டரைப் பார்த்தார். “அய்யா... ஒங்களுக்கு... தம்பி யாராச்சும்... ஒங்கள மாதிரியே...”

“எனக்குத் தம்பியும் கெடையாது, அண்ணனும் கெடையாது. என்ன அது போன்ல? குடு இப்படி.”

சிங்காரவேலு தன் கண்ணீர் அஞ்சலியை முழுக்கப் படித்தார். போன மாதம் அவருடைய எண்பதாம் கல்யாணத்துக்கு ஓசூரில் இருக்கும் மகன் ஃபேஸ்புக்கில் போட்ட பத்திரிகைப் படம் அது. கதவு எண்ணெல்லாம் மகன் போட்டதுதான். யாரோ புண்ணியவான் வாழ்த்தை வெட்டிவிட்டு அஞ்சலியை ஒட்டியிருந்தான்.

அடுத்த கால் மணி நேரத்தில், அந்தத் தெருவில் சிங்காரவேலு நிஜமாகச் செத்திருந்தால் வந்திருப்பதைவிட அதிகக் கூட்டம் வந்தது. சட்டையைப் பிடித்தவர்கள் இரண்டு பேர். அறைந்தவர் ஒருவர். யார் என்று ஜேசுராஜ் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது தன் போனைத்தான். வரவுச் செய்தி வங்கியிடமிருந்து வரவில்லை, பத்து இலக்க எண் ஒன்றிலிருந்து வந்திருந்தது. முதல் தடவையாகக் கணக்கைத் திறந்தார். தொண்ணூற்றாறாயிரம்.

“வாசல்ல எறக்குன பெட்டி வெறுமனே திரும்பக் கூடாது” என்றாள் சிங்காரவேலுவின் மனைவி தர்மாம்பாள். அறுபது வருஷம் குடித்தனம் நடத்தியவள், சட்டென்று முடிவெடுத்தாள். “ஒரு உயிரு உள்ள போவணும். இல்லாட்டி இவருக்கு ஆவாது. கோழி ஒண்ணு பிடிங்கடி. காசு இவன்கிட்ட வாங்கிக்குங்க.”

கோழிக்கு எழுநூறு. சாந்தி கழிக்க ஆயிரத்து ஐந்நூறு. “ஜிபே பண்ணுய்யா” என்றார் சிங்காரவேலு. பண்ணியதும் தன் போனில் கணக்கையே திறந்து, இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் வழிவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்புச் சேவல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வர, ஜேசுராஜ் வீடு திரும்பினார்.

வங்கியில், “நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்களே, சார்” என்றார்கள். புகார் எண்ணுக்குப் பேசியதில் ஒரு பதிவெண் கிடைத்தது. விண்ணரசி கத்தவில்லை. “செத்தவன் வீட்டுல நம்ம காச கேக்கக் கூச்சம். சாவாதவனுக்கு நம்ம காச அனுப்ப மட்டும் கூச்சம் இல்ல” என்று சொல்லிவிட்டு, வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டாள்.

யாரிடமும் கைநீட்டி வாங்க வழியில்லை. ஜேசுராஜ் மனக்கணக்குப் போட்டார். ஐம்பத்து நாலாயிரத்தை ஆறால் வகுத்தால், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒன்பது பேர் சாக வேண்டும். கோழியையும் சாந்தியையும் சேர்த்தால் பத்தாவது ஆள் கொஞ்சம் சாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் படுக்கையில் கிடப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். எல்லோரும் நல்ல மனிதர்கள். எல்லோருக்கும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். மாதாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “உமக்குத் தெரியாததா” என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

மாதா வியாழக்கிழமை ஒன்று கொடுத்தாள். சிங்கப்பூரிலிருந்து ஒரு மகன். அம்மா காலமாகிவிட்டாள், பெட்டி வேண்டும் என்றான்.

“நெசமாவா?” என்று கேட்டார் ஜேசுராஜ்.

“என்னது?”

“இல்ல தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ஒரு போட்டோ அனுப்புங்க. பக்கத்துல இன்னைக்கிப் பேப்பர் ஒண்ண வச்சு எடுத்தாத் தேவல.”

“யோவ், அம்மாய்யா!”

“அம்மாதான் தம்பி. யாரு இல்லேங்கறா. காசையும் மொதல்ல போட்டுடுங்க, கணக்குல ஏறட்டும்.”

போட்டோ வந்தது. நாடிக்கட்டுக் கட்டிய முகம், நெற்றியில் காசு, மார்பின் மேல் அன்றைய தினசரி. விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார். படத்தில் மூச்சு தெரியாதே என்று தோன்றவும், அரை நிமிஷ வீடியோ ஒன்று கேட்டார். அதுவும் வந்தது. மின்விசிறிக் காற்றில் பேப்பர் மட்டும் அசைந்தது. திருப்தியாகி வண்டியை எடுத்தார்.

அந்த மகன் போன் பேச்சைப் பதிவு செய்திருந்தான். சாயங்காலத்துக்குள் அது ஐம்பது குழுக்களில் ஓடியது. வெள்ளிக்கிழமை சுற்றுவட்டாரத்தில் மூன்று சாவு. மூன்றுக்கும் கும்பகோணத்திலிருந்து பெட்டி வந்தது. ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்குத் திருச்சிக்காரர்கள் கூப்பிட்டு, இடம் நாகப்பட்டினத்துப் பெண்ணுக்குப் போய்விட்டது என்றார்கள். சான்ட்ரா ஜெர்மனில் ஏதோ சொன்னாள். வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அது ஒன்றுதான் அந்தப் படிப்பினால் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த சௌகரியம்.

திங்கட்கிழமை சான்ட்ரா அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க வண்டிய ஓட்டுங்க. பேசறத நான் பாத்துக்கறேன்.”

அவளுக்கு நர்ஸ் குரல். “மொதல்ல உக்காருங்கண்ணா. கொஞ்சம் தண்ணி குடிங்க. இப்ப வீட்ல யாரையாச்சும் வீடியோ கால்ல வரச் சொல்லுங்க, நானும் சேந்துக்கறேன். பயப்படாதீங்க, நான் பாத்துச் சொல்றேன்.” பார்ப்பாள். கண் இமையைத் தூக்கச் சொல்லுவாள். கழுத்தில் விரல் வைக்கச் சொல்லுவாள். பிறகு, “ஆமாண்ணா. போய்ட்டாங்க” என்பாள். காசு கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் அனுதாபம் சொல்லுவாள்.

யாரும் எதிர்பாராத விஷயம், பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போனது. அம்மா சீரியஸ் என்று வரவழைத்துப் பாகப்பிரிவினையில் கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். விமான டிக்கெட் போடுமுன், சொந்தமில்லாத ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லதுதானே? தோஹாவிலிருந்து ஒருவர் தன் நண்பர்களுக்கெல்லாம் சான்ட்ராவின் எண்ணைக் கொடுத்தார். வருஷம் திரும்புவதற்குள் மூன்று பெட்டி ஏழாயிற்று. விண்ணரசியின் செயின் திரும்பி வந்தது. சான்ட்ரா ஜெர்மன் புத்தகங்களை இன்னும் மேஜையில்தான் வைத்திருந்தாள். சாவு இல்லாத பிற்பகல்களில் படிப்பாள்.

போன சித்திரையில், அவள் உள்ளே தன் போனில் யாருடைய அப்பாவையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில், அவள் திருப்பிக் கொடுத்திருந்த ஜேசுராஜின் பழைய போன் அடித்தது. திருச்சி ஏஜென்சியின் பெண்.

“சான்ட்ரா வீடுங்களா? இந்த வருசம் இடம் இருக்குங்க. முன்பணம் ஒண்ணும் வேணாம். போய்ச் சேந்தப்புறம் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. பழைய மார்க்கே போதும். நாளைக்குள்ள சரின்னு சொன்னா போதும்.”

ஜேசுராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். சான்ட்ரா திரையை முகத்தருகே வைத்துக்கொண்டு, “இன்னும் கிட்ட காட்டுங்க, மூக்குகிட்ட” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் இரண்டடி தள்ளி, வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றார்.

“நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதேம்மா” என்றார். “முன்ன பின்ன தெரியாதவங்க போன்ல சொல்றதையெல்லாம் எப்படிங்க நம்பறது? காலம் கெட்டுக் கெடக்குது.”

“சார், போன வருசம் நீங்க நேர்லயே—”

“ஏமாந்த குடும்பம்மா இது” என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த எண்ணை மறுபடி வராதபடி தடுத்தார். அது எப்படி என்பதைச் சான்ட்ராதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“யாருப்பா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

“எவனோ ஏமாத்துக்காரன்” என்றார் ஜேசுராஜ். “நீ பாரு. போய்ட்டாரா?”