வலது பின்னங்காலின் வெளிக்குளம்பு

டென்மார்க்கில் பன்றிக் கொட்டடிக்குள் நுழையும் முன் நாங்கள் குளிக்க வேண்டும். தலைக்கு ஷாம்பு போட்டு, நகங்களைத் தேய்த்து, பண்ணையில் தரும் உடுப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம். மனிதரிடமிருந்து பன்றிக்கு நோய் தொற்றிவிடக் கூடாதாம். முதல் நாள் இதைக் கேட்டதும் வெந்நீர்க் குழாயின் அடியில் அசையாமல் நின்றேன். பரளச்சிப் பக்கம் எங்கள் வீட்டிலும் பன்றிகள் இருந்தன. பள்ளிக்கூடம் கிளம்புமுன் நானும், என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா பேச்சியும், இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்போம். அப்படியும் பஸ்ஸில் எங்கள் பக்கத்து இடம் காலியாகவே வரும்.

இங்கே என் முதலாளி யென்ஸ் பன்றி வளர்ப்பவர். கடைத்தெருவில் அவருக்கு வணக்கம் சொல்லாதவர்கள் இல்லை. என்னோடு வேலை செய்யும் சரவணன், எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருச்சுழிக்காரன். வந்த அன்றே கேட்டான்: "அண்ணே, ஊருல ஒங்களுக்கு என்ன பொழப்பு?"

"பருத்தி. கொஞ்சம் ஆடு," என்றேன். உண்மையைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்று கேட்பான்.

போன குளிர்காலத்தில் ஒரு சினைப் பன்றி படுத்துவிட்டது. ஈனுவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் ஓடிப்போய் யென்ஸிடம் "பென், பென்" என்றேன். டேனிஷில் அது காலைக் குறிக்கும். அவர் வந்து முழங்காலை அமுக்கினார், இடுப்பெலும்பைத் தடவினார், உதட்டைப் பிதுக்கினார். எழ முடியாத விலங்கைத் துன்பப்பட விடாமல் சுட்டுவிடுவது இங்கே வழக்கம். துப்பாக்கி எடுக்கப் போனார்.

நமக்குத் தொடையிலிருந்து விரல்வரை எல்லாமே கால்தான். இவர்களுக்கு மேலே 'பென்' என்று ஒரு சொல், பாதத்துக்கு ஒரு சொல், குளம்புக்கு 'க்ளோவ்' என்று இன்னொரு சொல். அந்தக் கடைசிச் சொல் அன்று எனக்குத் தெரியாது.

ஈரத் தரையில் மண்டியிட்டு அதன் வலது பின்னங்காலைப் பிடித்தேன். பன்றிக்கு ஒரு காலில் நான்கு குளம்புகள். முன்னிரண்டும் உடம்பைத் தாங்கும். பின்னிரண்டு சிறுசாகத் தொங்கும். பின்னங்காலில் வெளிக்குளம்பு உள்குளம்பைவிடப் பெரிதாக வளரும், பாரமும் அதிலேதான் இறங்கும். கெட்டியான ஓடும் மெத்தென்ற குதியும் சேருமிடத்தில் வெடித்தால் அழுக்கு ஏறிச் சீழ் பிடிக்கும். ஊரில் அங்கே சீமைக்கருவேல முள் ஏறும். இங்கே சிமெண்டுத் தரையின் விளிம்பு கிழிக்கும். "பன்னி எந்த எடத்துல கத்துதோ, முள்ளு அங்கனதான் இருக்கு," என்று அக்கா சொல்லுவாள். அவளைப் போலவே கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வந்தேன். பன்றி அலறியது.

யென்ஸ் துப்பாக்கியோடு நின்றார். வெடிப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மருத்துவரை அழைத்தார். சீழை எடுத்து, வைக்கோல் பரப்பிய தனி அறைக்குப் பன்றியை மாற்றினார்கள்.

"உங்கள் வீட்டில் பன்றி வளர்த்தீர்களா?" என்று யென்ஸ் கேட்டார். வாளியோடு நின்ற சரவணன் என் முகத்தையே பார்த்தான்.

"இல்லை. ஆடுதான்."

அந்தப் பன்றி பதினொரு குட்டி ஈன்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"எந்தக் காலுலே? வெளிக்குளம்பா, உள்குளம்பா?"

"வலது பின்னங்காலு. வெளிக்குளம்பு."

"அதான பாத்தேன். எங்கக்கா கிட்டப் படிச்சதுன்னு அவுககிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

அவள் குரலில் அப்படியொரு பூரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. மறுநாள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தலைசீவிப் பூ வைத்து, கொட்டடி வாசலில் குத்தவைத்து, ஒரு பன்றியின் பின்னங்காலைத் தூக்கிக் குளம்பு தெரியும்படி பிடித்துச் சிரிக்கிறாள். கூடவே குரல்பதிவு: "மொதலாளிகிட்டக் காட்டு. கூட வேல பாக்குறாரே நம்ம பக்கத்து ஆளு, அவுகளுக்கும் காட்டு."

இப்போது பண்ணையின் எல்லாக் குளம்புகளுக்கும் நான்தான் பொறுப்பு. சரவணன் அருகில் வந்து, "ஆட்டுக்கும் இப்பிடித்தானாண்ணே?" என்பான். ஆமாம் என்பேன். நான் எழுதும் இதை அவனும் ஒருநாள் வாசிக்கக்கூடும். ஊரில் வாசிப்பவர்கள் எங்கள் வீடு எதுவென்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை, யாருக்கும் காட்டவுமில்லை. மதிய இடைவேளையில் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். சரவணன் சோற்றுப் பெட்டியோடு எதிரே வந்து உட்கார்ந்ததும், அக்காவின் முகம் மேசையில் படும்படி கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறேன்.