கைப்பிடிச் சுவருக்கு எதிரே நின்ற ட்ரோன்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. வேறு யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால், தலையாட்டிக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனால் இது என் வீட்டில் நடந்தது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டிலிருந்து கொள்ளிடக் கரைக்குப் பிரியும் தெருவில் அந்த வீடு இன்றும் இருக்கிறது. நானும் அதில்தான் இருக்கிறேன்.

என் பெயர் பெனடிக்ட். திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மனைவி லூர்துராணி. எங்களுக்கு ஒரே பெண், ஷெர்லின். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி, கால்களை வெளிப்பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்து போன் பேசுவது அவள் பழக்கம். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறோம். “விழ மாட்டேம்மா, எனக்கு இதுதான் சோஃபா” என்பாள். போன வருஷம் ஜூலையில் ஒரு சாயங்காலம் விழுந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபது வயசு.

அன்றைக்கு மாடிக் கதவைப் பூட்டினோம். அதற்குப் பிறகு லூர்து மாடிப் படிக்கட்டுப் பக்கமே போகவில்லை. துணிகளைப் பின்கட்டில் கொடி கட்டி உலர்த்தினாள். சமைப்பாள், ஆனால் சாப்பிட மாட்டாள். கூப்பிட்டால் வருவாள், ஆனால் எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்க மாட்டாள். ஒரே வீட்டில் நான் தனியாக இருந்தேன். அவளும் தனியாக இருந்தாள்.

பொங்கல் முடிந்த வாரத்தில்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

ம்ம்ம்ங்ங்ங்... டம்ளருக்குள் மாட்டிக்கொண்ட குளவி மாதிரி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று காட்ட, தினமும் சாயங்காலம் ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுத்தார்கள். முதல் நாள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. மறுநாள் சற்று நின்றுவிட்டுப் போனது. அடுத்த வாரம் எங்கள் மாடிக்கு நேராக வந்து நின்று, இருட்டும் வரை அங்கேயே இரைந்துகொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு வேணி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்குக் காலேஜ் படிக்கும் இரண்டு பெண்கள். “வயசுப் பொண்ணுங்க இருக்கற வீடுங்க சார். பாத்ரூம் ஜன்னலத் தொறக்க முடியல. நீங்க போய்க் கேட்டாத்தான் கேப்பாங்க” என்றார்.

போய்க் கேட்டேன். கட்டட வாட்ச்மேன் ராசப்பன், ட்ரோன் விடுகிற பையன் பாலக்கரையிலிருந்து வருகிறவன், கல்யாண வீடியோவும் எடுப்பவன், சொல்லி வைக்கிறேன் என்றார். சொன்னாரோ என்னவோ, எதுவும் மாறவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் இப்படியெல்லாம் பறக்கவிடக் கூடாது, எழுதிக் கொடுங்கள் என்றார் ஏட்டு. கல்லால் அடித்துத் தள்ளிவிடலாமா என்று கேட்டேன். அது உடைந்தால் கேஸ் உங்கள் மேல் திரும்பும் என்று எச்சரித்தார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அதைச் சரியாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஐந்து ஐம்பதுக்கு வரும். வேணி வீட்டு ஜன்னல் பக்கம் ஒரு நாளும் திரும்பியதில்லை. எங்கள் பின்கட்டையும் பார்த்ததில்லை. நேராக மாடிக் கைப்பிடிச் சுவரின் கிழக்கு மூலைக்கு எதிரே வந்து, சுவர் உயரத்துக்குத் தாழ்ந்து நிற்கும். மெதுவாக ஒரு முழம் முன்னால் வரும். உடனே பின்னால் போகும். மறுபடி முன்னால்... மறுபடி பின்னால்.

ஒளிந்து பார்க்க வந்தவன் அப்படிச் செய்ய மாட்டான். கிணற்று மேட்டில் நிற்கும் குழந்தையைப் பயமுறுத்தாமல் கூப்பிடுகிறவன்தான் அப்படிச் செய்வான்.

அது நின்ற இடம் ஷெர்லின் உட்காரும் இடம்.

லூர்து மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தேன். ஆறு மாதம் கழித்து மாடிக் கதவு திறந்தது. கட்டட வேலையின் சிமெண்ட் தூசி தரையெல்லாம் படிந்திருந்தது. சுவர் முழுக்கவும் தூசி. என் கால்தடம் தவிர வேறு தடம் இல்லை.

கிழக்கு மூலையில் மட்டும்... ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குத் தூசியே இல்லை.

துடைத்துவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது.

பூனையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டினேன்.

மறுநாள் அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு, ட்ரோன் மேலே ஏறும் நேரத்தில் கட்டடத்துக்குப் பக்கத்துக் காலி மனைக்குப் போனேன். மணல் குவியலுக்கு அருகில் ஒரு இளைஞன் நின்றிருந்தான். கையில் ரிமோட், அதில் செருகிய மொபைல். பெயர் ஹாலித் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். அடுத்தவன் வீட்டில் உனக்கு என்ன வேலை என்று கத்தினேன்.

அவன் திமிறவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த வீட்டுக்காரரா சார் நீங்க? மொதல்ல அந்தப் பொண்ண எறங்கச் சொல்லுங்க.”

“எந்தப் பொண்ணு?”

“உங்க மாடிச் சுவத்துல தெனமும் உக்காந்திருக்கே சார். விழுந்துடுமோன்னுதான் கிட்ட கொண்டு போறேன். எறங்க மாட்டேங்குது.”

என் கை தானாகக் காலரை விட்டது.

ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினான். எங்கள் மாடி தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி. பூட்டிய கதவு. கிழக்கு மூலைச் சுவர். வேறு எதுவும் இல்லை.

அவன் விரலால் தொட்டுக் காட்டினான். “இதோ சார்... பச்சை சுடிதார்.”

வெறும் சுவர்.

“காலை ஆட்டிக்கிட்டே இருக்கும். ஒரு கால்லதான் செருப்பு.”

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஷெர்லினைத் தூக்கும்போது அவள் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று மாடியிலேயே கிடந்தது. ஹாலித் இந்தத் தெருவுக்கு வேலைக்கு வந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் வாய்க்குள் ஏதோ ஓதினான். இதுவரை எடுத்த வீடியோக்களையெல்லாம் அங்கேயே ஓட்டிப் பார்த்தான். ஒன்றிலும் அவள் இல்லை. பறக்கும்போதுதான் தெரிகிறாள். அதுவும் அவனுக்கு மட்டும்.

லூர்துவிடம் சொல்லக் கூடாது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். சோற்றைப் பிசைந்தபடி அழுதேன். அவள் என்னவென்று கேட்டாள். ஆறு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. “நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

கூட்டிப் போனேன். ராசப்பன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ட்ரோன் ஏறியது. லூர்து ஸ்கிரீனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஆள்காட்டி விரலால் கண்ணாடியின் மேல், ஒரு முகத்தைத் தடவுகிற மாதிரி தடவினாள்.

“தலைகூட வாரல பாருங்க” என்றாள் என்னிடம்.

எனக்கு வெறும் சுவர்தான் தெரிந்தது. “ஆமா” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். ஏட்டு போன் பண்ணி, கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிக்கட்டுமா என்றார். வேண்டாம் சார், அது எங்களுக்குத் தெரிந்த பையன்தான் என்று புகாரை வாபஸ் வாங்கினேன். வேணியிடம், உங்கள் வீட்டுப் பக்கம் வராது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். எந்த ட்ரோனை விரட்ட அலைந்தேனோ, அது ஒரு நாள் வரத் தாமதமானால் வாசலில் போய் வானத்தைப் பார்த்தேன். ஹாலித்துக்குப் பயம்தான். ஆனாலும் லூர்துவுக்காக வந்தான். வேலை இல்லாத நாளில்கூட வந்தான்.

வரும் வழியெல்லாம் லூர்து எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். இன்றைக்கு மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள், இன்றைக்குச் சிரித்த மாதிரி இருந்தது. நான் கேட்டுக்கொண்டே நடப்பேன். பெற்ற மகளைப் பற்றி வெளியூர்க்காரன் கேட்கிற மாதிரி கேட்டேன். எனக்கு ஏன் தெரியவில்லை? நான் அவளிடம் என்ன குறை வைத்தேன்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்த லூர்து மெதுவாகச் சிரித்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். வீட்டுக்கு வந்ததும், “போதும்ங்க. இனிமே போக வேணாம். அந்தப் பையனும் எவ்வளவு நாள்தான் வருவான்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். எனக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தாள். தட்டில் போட்டுக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். வருஷக்கணக்காகப் பேசாத திருவெறும்பூர் தங்கை ரோசம்மாளுக்குப் போன் பண்ணி, வரவழைத்து, மடியில் படுக்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். மேகம் விலகிவிட்டது என்று நினைத்தேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். புடவை கட்டி, பூ வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தவள் தண்ணீர் கேட்டாள்.

கொண்டு வந்தேன்.

வாங்கிக்கொள்ள அவள் இல்லை.

மாரடைப்பு என்றார் டாக்டர். நல்ல சாவு என்றார்கள் சொந்தக்காரர்கள். யாருக்கு நல்லது என்று எனக்குப் புரியவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஹாலித் வந்தான். கட்டட வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பிறகு சொன்னான்.

“கடைசியா பாத்த அன்னைக்கு... சுவத்துல ரெண்டு பேரு இருந்தாங்க சார்.”

எனக்குப் புரியவில்லை.

“பொண்ணுக்குப் பக்கத்துல அம்மா உக்காந்திருந்தாங்க. என் பக்கத்துலயும் அம்மா நிக்கறாங்க. ரிமோட்டக் கீழ போட்டிருப்பேன் சார். அவங்கதான் என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.”

“அவளும் பாத்தாளா?”

“பாத்தாங்க. நீங்க அந்தாண்ட திரும்புனப்ப மெதுவா சொன்னாங்க. ‘சார்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. அவரு தாங்க மாட்டாரு.’ ”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மீன் குழம்பு வைத்தபோது தெரிந்திருக்கிறது. தங்கையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தபோது தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு என் நெஞ்சில் வந்து நின்றது.

ஒரே ஒரு தடவை பறக்க விடு என்று ஹாலித்திடம் கேட்டேன். முடியாது என்றான். காலில் விழப் போனேன். பதறிப்போய் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, வண்டியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தான்.

காலி மனையில் நின்றோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ம்ம்ம்ங்ங்ங்...

ஸ்கிரீனில் என் வீட்டு மாடி வந்தது. தொட்டி. கதவு. சுவர்.

வெறும் சுவர்.

ஹாலித் ஸ்கிரீனையே பார்த்தான்.

“இருக்காங்களா?”

“இருக்காங்க சார்.”

“ரெண்டு பேருமா?”

“ஆமா.”

“ஒருத்தர ஒருத்தர் ஒட்டி உக்காந்திருக்காங்களா?”

அவன் ட்ரோனைக் கீழே இறக்கினான். பெட்டியில் வைத்து மூடினான். வண்டியை ஸ்டார்ட் பண்ணின பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

“இல்ல சார்... நடுவுல ஒரு ஆளு உக்கார்ற அளவுக்கு எடம் விட்டிருக்காங்க.”